குருவிக்குக் குடுக்கை செய்யும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

பென்னாகரத்திலிருந்து நீ கொடுத்தனுப்பிய சுரைக்குடுக்கைகள் வந்து சேர்ந்தன. காம்பை ஒட்ட நறுக்காமல் விட்டிருக்கிறாய். அந்தப் பக்குவம் பிடித்திருக்கிறது. ஒகேனக்கல் வருகிறவர்களிடம் விற்கலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாக விற்கலாம். ஆனால் குருவிக்கூடு என்று சொல்லி விற்றால், அதில் குருவி குடியேற வேண்டும். இவற்றில் குடியேறாது.

துளையை அளந்தேன், 50 மில்லிமீட்டர் இருக்கிறது. அதில் மைனா தாராளமாக நுழையும். சிட்டுக்குருவிக்கு 32 மில்லிமீட்டர் போதும். துளை அடிப்பாகத்திலிருந்து நாலைந்து அங்குலம் மேலே இருக்கட்டும். அப்போதுதான் காகத்தின் அலகு குஞ்சுவரை எட்டாது. வாசலில் செருகியிருக்கும் குச்சியைப் பிடுங்கிவிடு. குருவிக்கு அது வேண்டாம், காகம் உட்காரத்தான் உதவும்.

குடுக்கையைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுவது அமெரிக்கப் படங்களைப் பார்த்து வந்த யோசனை என்று நினைக்கிறேன். அங்கே சோக்டா, சிக்கசா பூர்வகுடிகள் குடுக்கைகளைக் கம்பங்களில் தொங்கவிட்டார்கள். ஊதாத் தகைவிலான் அவற்றில் கூட்டம் கூட்டமாகக் குடியேறியது. இன்று அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் அந்தப் பறவை ஏறக்குறைய முழுக்க மனிதர் வைக்கும் கூடுகளை நம்பியே வாழ்கிறது. அருமையான உறவு அது. ஆனால் ஊஞ்சலாடும் வீடு தகைவிலானுக்குச் சரிப்படும். நம் சிட்டுக்குருவி ஓட்டு இடுக்கிலும் சுவர்ப் பொந்திலும் வாழ்ந்து பழகியது, ஆடாத இடம் கேட்கும். ஓட்டு வீடுகள் போய் மச்சு வீடுகள் வந்தபின் அந்த இடுக்குகள்தான் குறைந்துவிட்டன. நீ செய்வது அந்த இடுக்குக்கு மாற்று. எனவே குடுக்கையைத் தாழ்வாரத்துக்கு அடியில், பூனை எட்டாத உயரத்தில், சுவரோடு இறுக்கிக் கட்டும்படி செய்.

இதற்கு ஒரு வழி உண்டு. பந்தலில் தொங்கி விளைந்த காய் நாலு பக்கமும் உருண்டையாக இருக்கும். தரையில் படர்ந்து கிடந்த காய்க்கு ஒரு பக்கம் தட்டையாக அமுங்கியிருக்கும், அழகில்லை என்று கழித்துவிடுவார்கள். சுவரில் பதிய அந்தத் தட்டைதான் வாகு. கழித்த காய்களைத் தேடி வாங்கு.

நீ அனுப்பியதில் இரண்டு, விரலால் அமுக்கினால் நெளிகின்றன. முற்றும் முன்பே பறித்திருக்கிறாய். காம்பு பழுப்பாகிக் காய்கிற வரை கொடியிலேயே விடு. பிறகு நிழலில், காற்றாட, ஒன்றோடொன்று படாமல் பரப்பி வை. மேல் தோலில் பூஞ்சை படர்ந்து கறுக்கும், அழுகிவிட்டதென்று எறிந்துவிடாதே. அமுக்கினால் குழைவதுதான் அழுகல். காய மாதக்கணக்கில் ஆகும், அவசரப்பட்டு வெயிலில் போட்டால் வெடிக்கும். குலுக்கினால் விதை கலகலக்க வேண்டும். அதன்பின் நீரில் ஊறவைத்துத் தேங்காய் நாரால் தேய்த்தால் தோல் கழன்றுவிடும். உள்ளே சுரண்டும்போது மூக்கையும் வாயையும் கட்டாயம் துணியால் கட்டிக்கொள். அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது.

நீ பூசியிருக்கும் கருநீல எனாமல் கண்ணுக்கு அழகு. சித்திரை வெயிலில் அது குஞ்சுகளை வேகவைத்துவிடும். வெளியே வெள்ளையோ வெளிர் நிறமோ போதும், உள்ளே எதுவும் பூசாதே. தோள்பகுதியில் காற்றுக்கும், அடியில் மழைநீர் வடியவும் சிறு துளைகள் போடு. மேற்குப் பார்த்த சுவரில் மாட்ட வேண்டாமென்று வாங்குகிறவர்களிடம் சொல். வண்ணக் குடுக்கைதான் வேண்டும் என்பவர்களுக்கு அலங்காரப் பொருளாகவே கொடு, வாசல் துளை மட்டும் போடாதே.

2010 முதல் மார்ச் 20-ஐச் சிட்டுக்குருவி நாளாகக் கொண்டாடுகிறார்கள். சென்னையில் 'கூடுகள்' அமைப்பு பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டே மரக்கூடுகள் செய்ய வைக்கிறது. உன் ஊர்ப் பள்ளியிலும் குடுக்கை கேட்பார்கள். கொடுக்கும்போது இதையும் சொல்: குருவி தானியம் தின்றாலும் குஞ்சுக்குப் புழு பூச்சிதான் ஊட்டும். ஓயாமல் மருந்தடிக்கும் தக்காளிக் காட்டோரம் கூடு மாட்டிப் பயனில்லை. மாட்டுக் கொட்டகை, கேழ்வரகு அடிக்கும் களம், வேலிப் புதர் இவற்றின் பக்கமாக இருந்தால் குருவி வரும்.

கடைசியாக, விதை. சந்தையில் விற்கும் கறிச்சுரைக்கு ஓடு மெலிசு. கூட்டுக்கு வேண்டியது தடித்த ஓடுள்ள குடுக்கைச் சுரை. அதில் பெரும்பாலும் கசப்பு இருக்கும். சுரைப்பூ சாயங்காலம் விரியும், அந்துப்பூச்சிகள் மகரந்தத்தை எங்கும் கொண்டுபோகும். அந்த வருடத்துக் காய்க்கு அதனால் ஒன்றும் ஆகாது, ஆனால் அதன் விதையில் கலப்பு ஏறிவிடும். கசக்கும் சுரைக்காயைச் சமைக்கவோ சாறு பிழியவோ கூடாது, அது நஞ்சு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வல்லுநர் குழுவே எச்சரித்திருக்கிறது. ஆகவே குடுக்கைச் சுரை போட்ட தோட்டத்தில் கறிச்சுரைக்கு விதை எடுக்காதே என்று அம்மாவிடம் சொல்லிவை. குடுக்கைக்கு விதை எடுக்க, மலரப்போகும் ஆண்மொட்டையும் பெண்மொட்டையும் முன்கூட்டியே நூலால் கட்டிவிடு. அந்தியில் அவிழ்த்து, கையாலேயே மகரந்தம் தடவி, பெண்பூவைத் திரும்பக் கட்டிவிடு. அந்தக் காய்க்கு ஓர் அடையாளமும் வை.

தடித்த ஓட்டு விதை என்னிடம் இருக்கிறது. ஆடிப் பட்டத்துக்கு முன் வந்து வாங்கிக்கொண்டு போ.

அன்புடன்,
அண்ணன்