சிலிக்கா ஏரியில் இரு நாள்

தமிழ் இலக்கியம் பயில்வார்க்குக் கலிங்கம் என்னும் பெயர் புதியதன்று. முதற்குலோத்துங்க சோழனின் படைத்தலைவனாகிய கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தின்மேற் சென்று பெற்ற வெற்றியைப் பாடுவது கலிங்கத்துப்பரணி. அந்நூலை முப்பதாண்டுக் காலம் வகுப்பறையில் நின்று கற்பித்த யான், கலிங்க நாட்டைக் கண்ணாற் கண்டதில்லை. பணியினின்றும் ஓய்வு பெற்ற பின்னரே அவ்வாய்ப்பு எனக்குக் கிட்டியது. பண்டைக் கலிங்கத்தின் பெரும்பகுதி இன்று ஒடிசா மாநிலம் என வழங்குகின்றது. அதன் தலைநகராகிய புவனேசுவரத்தில் என் மகன் பணியாற்றுகின்றான். ஒரு தைத் திங்களில் அவன் இல்லத்தில் யான் தங்கியிருந்தபொழுது, "தாத்தா, எப்பொழுதும் போரைப் பற்றியே சொல்லுகின்றீர்களே! எங்கள் ஏரிக்கு வந்திருக்கும் பறவைகளைப் பார்க்க வேண்டாமா?" என்று என் பேர்த்தி கேட்டாள். அவளுடைய அவ்வினாவே எங்கள் மூவரையும் சிலிக்கா ஏரிக்கு அழைத்துச் சென்றது.

சிலிக்கா, ஏரி என்று பெயர் பெற்றிருப்பினும், நம் ஊர்களில் மழைநீரைத் தேக்கி வயலுக்குப் பாய்ச்சும் ஏரி போன்றதன்று. நம் முன்னோர் கழி என்றும் காயல் என்றும் வழங்கிய நீர்நிலைகளின் இனத்தைச் சேர்ந்தது அது. ஒருபுறம் மகாநதியின் கிளைகளாகிய தயா, பார்கவி முதலிய ஆறுகள் நன்னீரைக் கொணர்ந்து சேர்க்கின்றன. மறுபுறம் வங்கக் கடல் முகத்துவாரத்தின் வழியே உவர்நீரை உள்ளே செலுத்துகின்றது. இவ்விரு நீரும் கலக்கும் இடமாதலின், ஆற்று மீனும் கடல் மீனும், இறாலும் நண்டும், நாணலும் நீர்ப்பாசியும் அங்கே ஒருங்கே வாழ்கின்றன. ஏரியின் நீளம் ஏறத்தாழ 64 கிலோமீட்டர். அதன் பரப்பு மழைக்காலத்தில் ஏறத்தாழ 1,165 சதுர கிலோமீட்டராக விரிந்து, கோடையில் ஏறத்தாழ 900 சதுர கிலோமீட்டராகச் சுருங்கும். ஈரநிலங்களைக் காத்தற்பொருட்டு உலக நாடுகள் செய்துகொண்ட இராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில், 1981 ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து முதன்முதலாக இடம்பெற்ற ஈரநிலங்கள் இரண்டு. அவற்றுள் ஒன்று சிலிக்கா. மற்றொன்று இராசத்தானத்துப் பரத்பூரில் உள்ள பறவைப் புகலிடம்.

முதல் நாள், பூரி நகரத்திலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சாதபடா என்னும் ஊரை அடைந்தோம். கரையோரத்தில் மேற்கூரையிட்ட நீண்ட மரப்படகுகள் வரிசையாக நின்றன. எங்கள் படகில் வேறொரு குடும்பத்தாரும் ஏறிக்கொண்டனர். படகோட்டி ஐம்பது வயது கடந்தவர். என் பேர்த்தி அவரை அந்நாட்டு வழக்கப்படி 'மௌசா' என அழைத்தாள். சிற்றப்பனைக் குறிக்கும் அம்முறைப்பெயரால் பெரியவர்களை அழைத்தல் அங்கு மரியாதையாகக் கருதப்படுகின்றது. அவர் ஒடியா மொழியிற் கூறியவற்றை என் மகன் எனக்குத் தமிழிற் சொல்லி வந்தான்.

படகு நடு ஏரியை அடைந்ததும் படகோட்டி கிழக்கே கையை நீட்டி, "அதோ, அந்த வாய்தான் எங்களை வாழவைக்கும் வாய்" என்றார். அவர் சுட்டியது கடல்முகத்துவாரத்தை. அதன் வரலாறு அறியத்தக்கது. கடலலை கரையோரமாக மணலைத் தள்ளிக்கொண்டே செல்லும். ஆறுகளும் வண்டலைக் கொணர்ந்து குவிக்கும். இவ்விரண்டாலும் பழைய முகத்துவாரம் நாளடைவில் ஒடுங்கியது. கடல்நீர் உட்புகுவது குறைந்தது; உவர்ப்புக் குன்றியது; களைகள் பெருகி நீரை மூடின; கடல் மீனும் இறாலும் உள்ளே வரும் வழி அடைபட்டது. 1993 ஆம் ஆண்டில் இராம்சார் உடன்படிக்கையினர், கேடுறும் ஈரநிலங்களின் பட்டியலில் சிலிக்காவையும் சேர்த்தனர். 1999–2000 ஆம் ஆண்டில் ஏரி முழுவதிலும் பிடிபட்ட மீன் ஏறத்தாழ 1,700 டன்னே.

ஏரியின் நலனுக்கென 1991 இல் நிறுவப்பட்ட சிலிக்கா வளர்ச்சி ஆணையம், வல்லுநர்களைக் கொண்டு நீரோட்டத்தை ஆராய்ந்து, மணல்மேட்டை வெட்டிப் புதிய முகத்துவாரம் ஒன்றை 2000 ஆம் ஆண்டு செப்டம்பர் 23 ஆம் நாள் திறந்தது. அதனால் கடல்நீர் ஏரியை அடையும் வழி ஏறத்தாழ 18 கிலோமீட்டர் குறுகிற்று. உவர்ப்பு மீண்டது, களைகள் குறைந்தன. 2001–02 ஆம் ஆண்டில் கிடைத்த மீன் ஏறத்தாழ 12,000 டன். 2002 இல் சிலிக்கா கேடுறும் ஈரநிலங்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பெற்றது. "அதற்கு முன்னர் என் அண்ணன் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு வேறூருக்குக் கூலி வேலைக்குப் போனான். நானும் மூட்டை கட்டியிருந்தேன். அந்த வாய் திறந்தது, நான் மூட்டையை அவிழ்த்தேன்" என்றார் படகோட்டி.

சிறிது தொலைவு சென்றதும் அவர் பொறியை நிறுத்திவிட்டார். எங்கும் அமைதி நிலவிற்று. திடீரென ஒரு மூச்சொலி கேட்டது. நீரைப் பிளந்துகொண்டு சாம்பல் நிற முதுகு ஒன்று வளைந்தெழுந்து மறைந்தது; அதன் அருகே சிறியதொரு முதுகும் எழுந்து மறைந்தது. அவை தாயும் கன்றுமாகிய ஓங்கில்கள். ஐராவதி ஓங்கில் எனப்படும் இவ்வினத்திற்கு நீண்ட அலகு இல்லை, தலை உருண்டையானது. நம் அண்டை நாட்டு விசாகப்பட்டினத் துறைமுகத்தில் 1852 இல் கிடைத்த உடலொன்றைக் கொண்டே, ஓவன் என்னும் ஆங்கில அறிஞர் 1866 இல் இவ்வினத்தை உலகிற்கு அறிவித்தார். மீன் போலத் தோன்றினும் ஓங்கில் மீனன்று; நம்மைப்போல் காற்றை மூச்சாகக் கொள்வது; கன்றுக்குப் பாலூட்டுவது. அண்மைக் கணக்கெடுப்புகளின்படி சிலிக்காவில் வாழ்பவை ஏறத்தாழ நூற்றைம்பதே.

உடன் வந்த குடும்பத் தலைவர் எழுந்து நின்று, "பொறியை முடுக்கி அருகே விடப்பா, வேண்டுமளவு பணம் தருகிறேன். குழந்தைகள் நன்றாகப் பார்க்கட்டும்" என்றார். படகோட்டி அசையவில்லை. "ஐயா, அருகே போனால் நீங்கள் பார்ப்பது அதன் முதுகை. என் படகின் சுழல்விசிறி பார்ப்பது அதன் கன்றை. காயம்பட்ட ஓங்கிலை என் கையாலே கரை சேர்த்திருக்கிறேன். இங்கிருந்தே பார்ப்போம், அது விரும்பினால் வரும்" என்று பணிவுடன் மறுமொழி கூறினார். அவர் முகம் சிவந்தது, ஆயினும் அமர்ந்துவிட்டார். கால் நாழிகை கழிந்திருக்கும். படகிலிருந்து இருபது முழத் தொலைவில் தாயும் கன்றும் தாமாகவே எழுந்தன. அக்குடும்பத்துக் குழந்தைகள் மூச்சடக்கி நின்றனர். முன்னர்ச் சினந்தவரே முதலிற் கைகூப்பினார்.

அன்றிரவு பூரியில் தங்கி, மறுநாள் விடியற்காலையில் ஏரியின் வடகரையிலுள்ள மங்களாசோடி என்னும் சிற்றூரை அடைந்தோம். அவ்வூரையொட்டி நாணலும் கோரையும் அடர்ந்த சதுப்புநிலம் பரந்துள்ளது. அங்கே பொறிப்படகு செல்வதில்லை. மூங்கிற் கழியால் உந்திச் செலுத்தும் சிறு படகுகளே உண்டு. எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் அவ்வூர்க்காரர், மெலிந்த உடலினர், நரைத்த மீசையினர். கழுத்தில் தொலைநோக்கி ஒன்று தொங்கியது. மடியில் பறவைப் படங்கள் நிறைந்த பழைய நூலொன்று இருந்தது.

பனி விலகிற்று. அவர் காட்டக் காட்ட யாங்கள் கண்ட காட்சியை என்னென்று சொல்வேன்! ஊசி போன்ற வாலையுடைய வாத்துகள் ஒருபுறம். அகன்ற அலகால் நீரை அரித்துண்ணும் வாத்துகள் மறுபுறம். சேற்றில் அலகை ஊன்றி இரை தேடும் கருவால் மூக்கன்கள் ஆயிரக்கணக்கில். தாமரையிலையின்மேல் நடந்து செல்லும் இலைக்கோழிகள். நீல நிறத் தாழைக்கோழிகள். நத்தையைப் பிளந்துண்ணும் நத்தைக்குத்தி நாரைகள். சைபீரியா, மங்கோலியா முதலிய வடபுலங்களில் குளிர் மிகும்பொழுது பறவைகள் கூட்டங் கூட்டமாக இங்கு வந்து, வேனில் தொடங்கியதும் திரும்புகின்றன. பட்டைத்தலை வாத்து இமயத்தையே கடந்து வருகின்றது. ஏரியின் நடுவே நளபனா என்னும் தீவு உள்ளது. அப்பெயருக்கு நாணற்காடு என்பது பொருள். மழைக்காலத்தில் நீருள் மூழ்கிப் பனிக்காலத்தில் வெளிப்படும் அத்தீவு, பறவைகளின் புகலிடமாகக் காக்கப்படுகின்றது. 2024, 2025 ஆகிய இரு ஆண்டுகளின் தைக் கணக்கெடுப்பிலும், சிலிக்காவில் பதினொரு இலட்சத்திற்கு மேற்பட்ட பறவைகள் எண்ணப்பட்டன.

வழிகாட்டி தம் உதடுகளைக் குவித்து மெல்லிய சீழ்க்கையொலி எழுப்பினார். நாணலுக்குள்ளிருந்து ஒரு பறவை மறுகுரல் கொடுத்தது. என் பேர்த்தி வியந்து, "மௌசா, இதை எங்கே கற்றீர்கள்?" என்றாள். அவர் கழியை ஊன்றிப் படகை நிறுத்தினார். சற்று நேரம் பேசவில்லை.

பின்னர், "பொய் சொல்ல மாட்டேன், குழந்தாய். கொல்வதற்காகக் கற்றேன். இந்தக் குரல் கொடுத்தால் பறவை நெருங்கி வரும், அப்பொழுது சுடுவோம். நஞ்சு கலந்த இரையை இட்டும் பிடிப்போம். முட்டையையும் விடமாட்டோம். என் தந்தை செய்த தொழில், நானும் செய்தேன். சந்தையில் விற்று அரிசி வாங்குவோம். ஆண்டுக்கு ஆண்டு பறவைகள் குறைந்தன. வானத்தை மறைத்து வந்தவை சில ஆயிரமாகச் சுருங்கின" என்றார்.

அவ்வூர் ஒரு காலத்தில் பறவை வேட்டைக்குப் பெயர்போனது. இயற்கையைக் காக்க முனைந்த சிலர் அங்கு வந்து, வேட்டையாடுவோருடன் பலகாற் பேசிப் பழகினர். 2000 ஆம் ஆண்டில் ஊராரே மகாவீர் பறவைப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினர். துப்பாக்கியை விட்டவர்கள் இரவுக் காவலராயினர். பின்னர், காணவருவோர்க்கு வழிகாட்டிகளாயினர். "துப்பாக்கியைக் கீழே வைத்தது எளிது, அடுப்பு எரிவதுதான் அரிதாயிற்று. தொடக்கத்தில் பார்க்க வருவோர் யாருமில்லை. 'பறவை நமக்குச் சோறு போடுமா?' என்று என் மனைவி கேட்டாள். விடை சொல்ல வாயில்லை. ஒரு பனிக்காலத்தில் மறுபடியும் வேட்டைக்குப் போக இரவில் எழுந்தும் விட்டேன். என் மகன் விழித்துக்கொண்டு, 'காவலுக்கா போகிறாய், அப்பா?' என்றான். ஆம் என்று சொல்லிக் காவலுக்கே போனேன்" என்றார் அவர்.

இதைக் கேட்ட என் பேர்த்தியின் கண்கள் கலங்கின. யானும் வாளா இருத்தற்கியலவில்லை. சிறு பருவத்தில் எங்கள் ஊர்க் குளக்கரையில் கொக்குக்குக் கண்ணி வைத்துக் களித்தவன் யான். பசிக்காகவும் அன்று, விளையாட்டுக்காக. அதனை அன்றுவரை ஒருவர்க்கும் சொன்னதில்லை. அப்படகில் சொன்னேன். என் மகன் அதனை ஒடியாவில் மொழிந்தான். வழிகாட்டி என் கையைப் பற்றி, "பெரியவரே, அந்தக் கொக்கின் கணக்கை இந்தக் குழந்தை தீர்த்துவிடும்" என்று கூறி நகைத்தார்.

நண்பகலில் அவர் தம் இல்லத்திற்கு எங்களை அழைத்துச் சென்றார். மண் மெழுகிய திண்ணையில் அரிசிமாவினால் தாமரைக் கோலம் தீட்டப்பட்டிருந்தது. நம் பழஞ்சோற்றைப் போன்ற நீர்ச்சோறும் கீரையும் வறுத்த சிறுமீனும் படைத்தார் அவர் மனைவியார். அச்சோற்றை அவர்கள் 'பகாள' என்கின்றனர். முற்றத்தில் ஓர் இளைஞர் கிழிந்த வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார். அவரே அன்றிரவு விழித்துக் கேட்ட மகன் என்றறிந்தோம். அவரும் இன்று பறவை வழிகாட்டி.

சிலிக்காவிற்கும் நமக்கும் உள்ள தொடர்பு ஒன்றையும் இங்குக் கூறல் தகும். ஏரியைத் தடுத்து இறாற்பண்ணை அமைப்பதால் நீர் கெடும்; எளிய மீனவரும் வழியிழப்பர். கடற்கரைகளிற் பெருகிய இறாற்பண்ணைகளை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கிட்டவர், தமிழ்நாட்டுச் சர்வோதயத் தொண்டராகிய ஜெகந்நாதன். 1996 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் வழங்கிய தீர்ப்பில், சிலிக்கா ஏரிக்கும் நம் பழவேற்காட்டு ஏரிக்கும் ஆயிரம் மீட்டர்க்குள் இறாற்பண்ணை கூடாது என்று நீதிமன்றம் விலக்கியது. ஒரு தமிழர் தொடுத்த வழக்கு, தொலைவிலுள்ள கலிங்கத்துக் கழிக்கும் அரணாயிற்று. முன்னொரு காலத்தில் தமிழ்ப்படை கலிங்கஞ் சென்று வென்றதைப் படித்த யான், இவ்வெற்றியையே பெரிதென எண்ணுகின்றேன்; இதில் தோற்றவர் குருதி சிந்தவில்லை.

நீர்நிலையைக் காப்பது அரசின் கடமை மட்டுமன்று. கரையில் வாழ்வாரின் கடமையும் காண வருவாரின் கடமையும் ஆகும். வேடந்தாங்கல் ஏரிக்கரை மக்கள் தம் ஊர்ப் பறவைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருதலை நாம் அறிவோம். மங்களாசோடி மக்களோ அழித்த கையாலேயே காத்து நிற்கின்றனர். பிழை செய்தவன் திருந்துதற்கு இயலும் என்பதற்கு அவர்களினும் சிறந்த சான்று வேண்டுமோ?

ஊர் திரும்பிய பின்னர் என் பேர்த்தியிடமிருந்து மடலொன்று வந்தது. "தாத்தா, உங்கள் ஊர்க் குளத்தில் இப்பொழுது கொக்கு வருகிறதா?" என்று அவள் கேட்டிருந்தாள். அன்று மாலையே யான் குளக்கரைக்குச் சென்று பார்த்தேன். ஏழு கொக்குகள் நின்றன. எண்ணி எழுதினேன்.

பயிற்சி வினாக்கள்

1. சிலிக்கா ஏரி நம் ஊர் ஏரிகளினின்றும் எவ்வாறு வேறுபடுகின்றது?
2. பழைய முகத்துவாரம் ஒடுங்கியதால் விளைந்த தீமைகள் யாவை? அவை எவ்வாறு நீங்கின?
3. "அது விரும்பினால் வரும்" – இதனைக் கூறியவர் யார்? எப்பொழுது கூறினார்?
4. மங்களாசோடி வழிகாட்டி வேட்டைத் தொழிலை விட்ட பின்னர் உற்ற இடர்களை உம் சொந்த நடையில் எழுதுக.
5. உம் ஊரிலுள்ள நீர்நிலை ஒன்றிற்குச் சென்று, அங்கு வரும் பறவைகளை ஒரு வாரம் எண்ணிக் குறித்து வருக.