எண்ணெய்க்கு மாற்று: எவருடைய காணியில்?

2022 ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்கமாட்டோம். நாட்டில் டொலர் இல்லை. எண்ணெய்க் கப்பல் வரவில்லை. உழவு இயந்திரத்துக்கு டீசலும் வள்ளத்துக்கு மண்ணெண்ணெயும் தேடி மக்கள் வரிசையில் நின்றார்கள். எண்ணெய்க்கு மாற்று வேண்டும் என்பதில் இனி வாதமில்லை. எந்த மாற்று, அது எங்கே அமைய வேண்டும் என்பதில்தான் வாதம்.

மின்சாரத்துக்கு நாம் நெடுங்காலம் மலையகத்து நீரையே நம்பியிருந்தோம். 1996 வரட்சியில் நீண்ட மின்வெட்டு வந்தது. அதன்பின் டீசல் நிலையங்கள் பெருகின. 2011 முதல் நுரைச்சோலையில் நிலக்கரி எரிகிறது. இன்று அதன் கொள்ளளவு 900 மெகாவோட். நிலக்கரி எண்ணெயிலும் மலிவுதான். ஆனால் அதுவும் கப்பலில்தான் வருகிறது, அதற்கும் டொலர்தான் வேண்டும்.

இரண்டாவது பெரிய நிலக்கரி நிலையம் மூதூர் கிழக்கில், சம்பூரில் அமைவதாக இருந்தது. 500 மெகாவோட், ஏறத்தாழ 500 ஏக்கர். சம்பூர் மக்கள் 2006 இல் ஷெல் வீச்சுக்குள் ஓடியவர்கள். கிளிவெட்டி முதலிய முகாம்களில் அவர்கள் இருக்கையில், ஊரோ உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. 2015 இல்தான் மீள்குடியேற்றம் தொடங்கியது. திரும்பியவர்கள் வயலையும் மேய்ச்சல் தரையையும் கேட்டார்கள். சாம்பலும் சுடுநீரும் கொட்டியாரக் குடாவைக் கெடுக்கும் என்றார்கள். 2016 இல் அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது. முகாமில் பத்து வருடம் கிடந்தவர்களின் குரலும் எடுபடும் என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

கதை அங்கே முடியவில்லை. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவோட் சூரிய மின் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. வெயிலுக்கு டொலர் வேண்டாம், புகையில்லை, சாம்பலில்லை. நிலக்கரியோடு ஒப்பிட்டால் இது நல்லதே. ஆனால் தரையில் விரிக்கும் சூரியத் தகடுகளுக்கு ஒரு மெகாவோட்டுக்கு நாலைந்து ஏக்கர் தேவைப்படும். எரிபொருள் மாறினாலும் காணிக் கேள்வி மாறவில்லை. மேலும், மாலை விளக்கேற்றும் நேரத்தில் வெயில் இருக்காது. மின்கலங்களில் சேமிக்க வேண்டும், அது செலவு.

வேறு வழிகளும் உண்டு. பாடசாலை, ஆலயம், நெற்களஞ்சியக் கூரைகளில் தகடு பொருத்தினால் ஒரு பரப்புக் காணியும் போகாது. தகடுகளை உயர்த்தி நிறுத்தினால் கீழே ஆடு மேயலாம். காற்றாலைக் கோபுரங்களுக்கிடையே பயிர் செய்யலாம். ஆனாலும் மன்னாரில் பறவைகளையும் வெள்ள வடிகாலையும் பற்றி மக்கள் எழுப்பிய கேள்விகளைத் தட்டிவிட முடியாது.

குழுவாகக் கூடும்போது பேசுங்கள்: உங்கள் ஊரில் மின் திட்டம் வந்தால், காணி உறுதி இல்லாதவர்களின் மேய்ச்சல் தரைக்கு யார் பேசுவார்? காணியை விற்பதா, குத்தகைக்கு விடுவதா? அங்கே பிறக்கும் மின்சாரத்தில் உங்கள் கிணற்றுப் பம்பிக்கு எவ்வளவு கிடைக்கும்?