அஞ்சற்பெட்டிக்கு ஒரு மணி

கல்கத்தாவில் நான் குடியிருப்பது மூன்றாம் மாடியில். அஞ்சற்பெட்டியோ கீழே தெருவாசலில். இடையே அறுபத்திரண்டு படிகள். இறங்கும்போது வகுப்புக்கு ஓட்டம், ஏறும்போது களைப்பு. கைப்பேசி இருக்கும் இந்நாளில் கடிதம் எழுதுவார் யார் என்று பெட்டியைத் திறப்பதையே விட்டுவிட்டேன்.

எழுதுவார் ஒருவர் உண்டு. ஊரிலிருக்கும் என் தாத்தாவுக்குக் காது கேளாது. தொலைபேசி அவருக்குப் பயன்படாது. சென்ற கார்த்திகையில், "கண்ணில் புரை எடுக்க நாள் குறித்துவிட்டார்கள். நீ பக்கத்தில் இருந்தால் தைரியமாயிருக்கும்" என்று இன்லண்டுக் கடிதம் போட்டிருந்தார். அது மின்கட்டணச் சீட்டுகளுக்கு அடியில் பன்னிரண்டு நாள் கிடந்தது. நான் படித்தபோது அறுவை முடிந்து அவர் வீடு திரும்பியிருந்தார். என் படிப்புக் கெடும் என்று வீட்டாரும் சொல்லவில்லை. கண் நலமாகிவிட்டது, என் மனந்தான் ஆறவில்லை. அதன் விளைவே இக்கருவி.

கம்பியில்லாமல் தொலைவிலுள்ள மணியை அடிப்பது இந்நகருக்குப் புதிதன்று. 1895-இல் இங்குள்ள டவுன் ஹாலில், சுவரை ஊடுருவிச் சென்ற மின்காந்த அலையால் ஜகதீச சந்திர போஸ் மணியடித்துக் காட்டினார். இன்று அதே வித்தை அழைப்பு மணியாகக் கடையில் கிடைக்கிறது. நாம் செய்ய வேண்டுவது, பொத்தானை விரலுக்குப் பதில் கடிதம் அழுத்தும்படி அமைப்பதே.

வேண்டிய பொருள்கள்

12 வோல்ட்டு மின்கலத்தில் இயங்கும் கம்பியில்லா அழைப்பு மணி ஒன்று, ரீட் சுவிட்சு ஒன்று, சிறு காந்தம் ஒன்று, 1000 மைக்ரோபாரடு, 25 வோல்ட்டு மின்தேக்கி ஒன்று, 100 கிலோ ஓம் மின்தடை ஒன்று, கொஞ்சம் கம்பி. சாந்தினி சந்தையில் எல்லாம் சேர்ந்து எனக்கு 400 ரூபாய்க்குள் அடங்கிற்று. மணி வாங்கும்போது ஒன்று கவனிக்க: பொத்தான், மின்கலத்தின் பாதையிலேயே அமைந்திருக்க வேண்டும். பலகையின் செப்புத் தடத்தைத் தொடர்ந்து பார்த்தால் இது விளங்கும். அழுத்தும் விசையாலேயே மின்சாரம் ஆக்கிக்கொள்ளும் வகை இதற்கு உதவாது.

ரீட் சுவிட்சு என்பது, கண்ணாடிக் குழலுக்குள் ஒன்றையொன்று தொடாமல் நிற்கும் இரு மெல்லிய இரும்புத் தகடுகள். காந்தம் அருகே வந்தால் அவை ஒட்டிக்கொள்ளும்; விலகினால் பிரியும். 1936-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் வால்ட்டர் எல்வுட் கண்டது இது.

செய்முறை

கடிதம் நுழையும் வாயிலில் ஒரு மூடி தொங்குகிறதல்லவா? அதன் உட்புறத்தில் காந்தத்தை ஒட்டுக. மூடி உள்நோக்கித் திறக்கும்போது காந்தம் எங்கு வந்து நிற்குமோ, அங்கு ரீட் சுவிட்சைப் பொருத்துக. மூடியிருக்கும்போது காந்தத்துக்கு எதிரே வைத்துவிட்டால் மணி ஓயாமல் அடிக்கும். பெட்டி இரும்பாயின் அது காந்தப்புலத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். இடையே மரத்துண்டு ஒன்று வைத்தல் நலம்.

சுவிட்சிலிருந்து இரு கம்பிகளை வெளியே கொணர்ந்து பொத்தானின் இரு முனைகளில் பற்றவைத்தால் கருவி முடிந்தது என்றே முதலில் எண்ணினேன். இரண்டு தவறுகள் எனக்குப் பாடம் கற்பித்தன.

முதல் தவறு, அலைபரப்பியையும் பெட்டிக்குள்ளேயே வைத்தது. மேலே ஓர் ஒலியும் எழவில்லை. இரும்புக் கூட்டுக்குள் அகப்பட்ட அலை எப்படி வெளிவரும்? பெட்டிக்கு வெளியே, மழை படாத இடத்தில் பிளாஸ்டிக் டப்பியில் வைத்ததும் மணி கேட்டது.

இரண்டாவது, தடித்த உறை ஒன்று மூடியில் சிக்கிக்கொண்டது. பகல் முழுதும் மணி அலறிற்று. பக்கத்து வீட்டு மாசிமா கதவைத் தட்டி ஓய்ந்தாராம். நான் கல்லூரியிலிருந்து வருவதற்குள் மின்கலம் தீர்ந்தது. கணக்கிட்டுப் பாருங்கள்: சிறு மின்கலத்தில் இருப்பது ஏறக்குறைய 50 மில்லியாம்பியர்-மணி. அலைபரப்பி இழுப்பது, நான் அளந்தபடி, 10 மில்லியாம்பியர். ஐந்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

இதற்கு மருந்துதான் மின்தேக்கி. பொத்தான் முனைகளுக்குச் செல்லும் கம்பி ஒன்றில் அதை இடையே இணைக்க. நேர்முனை மின்கலத்தின் நேர்முனைப் பக்கம் இருக்கட்டும். மூடி திறந்ததும் மின்தேக்கி நிரம்பும் வரையே, ஏறக்குறைய ஒரு விநாடி, மின்னோட்டம் பாயும். மணி ஒருமுறை அடித்து அடங்கும். மின்தேக்கியின் இரு முனைகளுக்குக் குறுக்கே 100 கிலோ ஓம் மின்தடையை இணைத்தால், மூடி விழுந்தபின் சில நிமிடங்களில் அது வெறுமையாகி அடுத்த கடிதத்துக்கு ஆயத்தமாகும். இப்போது மூடி சிக்கினாலும் கசிவது 0.12 மில்லியாம்பியரே, மின்கலம் பதினேழு நாள் தாங்கும். சிக்காத நாளில் செலவே இல்லை.

நான் அறையில் இல்லாதபோது மணி அடித்தால்? மின்னணுவியலில் இதற்கும் வழி உண்டு. நான் எளிய வழியைக் கொண்டேன். மணியை மாசிமாவின் கூடத்திலேயே மாட்டிவிட்டேன். பகலெல்லாம் வீட்டிலிருப்பவர் அவர். மாலையில் படியேறும்போது "சிட்டி" என்பார். வங்காளியில் கடிதம் என்று பொருள். பெரும்பாலும் மின்கட்டணச் சீட்டாகவே இருக்கிறது. ஆயினும் இறங்கிப் பார்க்கிறேன். சென்ற மாதம் தாத்தாவின் கடிதத்துக்கு, அது வந்த அன்றிரவே பதில் எழுதினேன்.

செய்ய விரும்பும் நண்பர்கள் சனிக்கிழமை மாலை பற்றவைக்கும் கோலுடன் வரலாம். உடனிருந்து செய்து தருவேன்.