ஒலியும் ஒளியும் உறையும் நூல்நிலையம்

நூல்நிலையம் என்றதும் ஏட்டையும் அச்சிட்ட புத்தகத்தையுமே எண்ணிப் பழகியவர் நாம். ஆயினும் ஒரு கல்லூரியின் வாழ்வில் ஏட்டில் ஏறாத பகுதி பெரிது. பரிசளிப்பு விழாவிற் பேசிய அதிபரின் குரல், மாணவர் நடித்த நாடகம், சரஸ்வதி பூசையன்று ஒலித்த தேவாரம் ஆகியன கசெற்றுகளிலும் வீடியோ நாடாக்களிலுமாகப் பழைய மாணவர் வீட்டு அலுமாரிகளிற் கிடக்கின்றன. கொழும்பின் ஈரக்காற்றில் நாடா பூஞ்சணம் பிடிக்கும்; அதன் காந்தப்பூச்சு உதிரும்; அதனை ஒலிக்கச்செய்யும் பொறிகளும் கடைகளில் அருகிவிட்டன. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்த துயரை அறிந்த நாம், தீயின்றியே அழியும் இவற்றைப் பாராதிருத்தல் தகுமோ?

இத்துறையில் முன்னோடிகள் நம்மிடையே உளர். 2005ஆம் ஆண்டு தொடங்கிய ‘நூலகம்’ என்னும் முயற்சி, ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவிற் பேணிவருகின்றது. அது விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி என்ற மென்பொருளின்மீது எழுந்தது. அதன் பல்லூடகப் பிரிவாகிய ‘ஆவணகம்’ கனடாவிலே பிறந்த ஐலண்டோராவைக் கையாண்டது. இரண்டும் திறந்த மூல மென்பொருள்கள். பரியாரியார் தம் மருந்தின் சேர்வையை மறையாது எழுதிவைத்தல் போல, ஆக்கியோர் தம் செய்முறையை எவரும் படிக்கவும் திருத்தவும் விடுத்தலே திறந்த மூலமாம். விற்றவன் கடையை மூடினும் நம் பேழை பூட்டுண்டு போகாது.

ஒருகொடவத்தையில், கொள்கலன் லொறிகளின் புழுதி ஓயாத தெருவொன்றில், பழைய மாணவர் ஒருவரின் முன்னறையிலே இத்தகைய நிலையமொன்றைச் சிற்றளவில் அமைத்துவருகின்றோம். பழைய கணினியொன்று, அதில் லினக்ஸ், அதன்மேற் கோடி என்னும் மென்பொருள். செலவு பெரும்பாலும் வன்தட்டுகளுக்கே. ஒரு மணிநேரக் கசெற்றை, வினாடிக்கு 48,000 மாதிரிகளாக, 24 பிற்று ஆழத்தில், இரு தடங்களிற் பதியின் ஏறத்தாழ ஒரு ஜிகாபைற்று இடம் வேண்டும். பிளாக் என்னும் வடிவம் ஒலியில் ஓர் அணுவும் குறையாமல் அதனைச் சுருக்கித் தரும். அதுவே மூலப்படி, கேட்பதற்கு எம்பி3 படியொன்று போதும். மூலப்படியை எம்பி3 ஆக்கிவிட்டு நாடாவை எறிவோரை யாம் ஒருபோதும் மன்னியோம்!

கோடி திரைப்படங்களின் விவரங்களை இணையப் பட்டியல்களில் தானே தேடிக்கொள்ளும். நம் பரிசளிப்பு விழா எந்தப் பட்டியலில் உண்டு? ஆதலின் ஒவ்வொரு கோப்பின் அருகிலும் ஆண்டு, நிகழ்ச்சி, பேசுவோர் பெயர் ஆகியன அடங்கிய சிறு எழுத்துக்கோப்பை நாமே எழுதிவைத்தல் வேண்டும். படியெடுத்தலினும் இதற்கே நாள் மிகுதியாகச் செல்கின்றது. 2016 மே மாதம் களனி கங்கை பெருகி அயலிலுள்ள கொலன்னாவைப் பகுதியை மூழ்கடித்தமையை எண்ணி, மற்றொரு படியை வெள்ளவத்தையில் வைத்துள்ளோம்.

கோடி 2002ஆம் ஆண்டளவில் எக்ஸ்பொக்ஸ் என்னும் விளையாட்டுப் பெட்டிக்கென எழுதப்பட்டு, 2014இல் இப்பெயர் பெற்றது. ஆகவே விளையாட்டுக் கொன்ட்ரோலரால் அதனை ஆளுதல் பிறவிக்குணம் எனலாம். தட்டச்சுப் பலகைக்கு அஞ்சும் முதியோரும் நாற்காலியில் இருந்தபடியே அதனால் வேண்டியதைத் தெரிகின்றனர். பேரப்பிள்ளைகளோ சொல்லாமலே அறிவர்.

கொன்ட்ரோலர் இயங்காதபோது பலரும் முதலிற் கோடியைக் குறைகூறுவர். முறை அதுவன்று, கம்பியிலிருந்து மேலே வரல் வேண்டும். சில யூஎஸ்பி கம்பிகள் மின்னூட்ட மட்டுமே உதவும். விளக்கு எரியும், செய்தி செல்லாது. கம்பியை மாற்றியபின், இணைந்த கருவிகளை வரிசையாகக் காட்டும் கட்டளையைக் கொடுத்து, கொன்ட்ரோலர் அதில் உண்டா எனக் காண்க. உண்டெனினும் பொத்தானுக்கு மறுமொழி இல்லையாயின், பெரும்பாலும் அனுமதிக் குறையே: உள்ளீட்டுக் கருவிகளைப் படிக்கும் குழுவிற் பயனர் சேர்க்கப்பட்டிருத்தல் வேண்டும். அடுத்து ஈவிடெஸ்ட் என்னும் சோதனைக் கருவியை இயக்கிப் பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்துக. அங்கே எண்கள் மாறுமாயின் வன்பொருளும் லினக்ஸும் குற்றமற்றவை. கோடியிற் பொத்தான்களைப் பொருத்தும் பகுதியைத் திருத்தினாற் போதும். மலிவான கொன்ட்ரோலர்கள் சிலவற்றில் இருவகை இயங்குமுறை உண்டு. முறை மாறின் பொத்தான்களும் மாறியே தோன்றும். கைவிட்ட பின்னும் தெரிவு தானே நகருமாயின், கோலின் அடியிற் புழுதியோ தேய்வோ உளது. அதன் மையத்தில் அசைவை மதியாத எல்லையைச் சிறிது கூட்டினால் ஒருவாறு அடங்கும். ஒருகொடவத்தைப் புழுதியில் இது நமக்கு அடிக்கடி வாய்ப்பது!

இப்போது வேலை தடைப்படுவது பொறியாலன்று, பெயரறியாக் குரல்களாலே. நாடா கொணரும் அன்பர்கள் அதன் உறையையும் எறியாது கொணர்க. திகதியும் பேசுவோர் பெயரும் பென்சிலால் எழுதப்பட்டிருப்பது பெரும்பாலும் அவ்வுறையிலேதான்.