பஞ்சாயத்துப் பணியும் பென் டிரைவும்

தச்சு வேலை செய்பவர் எவ்வூருக்குச் சென்றாலும் தம் உளியையும் இழைப்புளியையும் தம்முடனேயே கொண்டு செல்வார். வேலை கொடுப்பவர் வீட்டிலுள்ள கருவியை நம்பி அவர் புறப்படுவதில்லை. கை பழகிய கருவியால் வேலை திருத்தமாக அமையும் என்பது ஒன்று. வேலை முடிந்தபின் கருவி தம்மிடமே இருக்கும் என்பது மற்றொன்று. கணிப்பொறியால் செய்யும் பணிகளிலும் இவ்வழக்கத்தைக் கைக்கொள்ள இயலும். அதனைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் விவசாயப் பெருமக்களுக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேவை யாது?

ஆவடியை அடுத்துள்ள வெள்ளானூரை எடுத்துக்கொள்வோம். பட்டணத்தின் விரிவு வயல் வரப்பை நெருங்கி வந்துவிட்ட ஊர்களுள் அதுவும் ஒன்று. இத்தகைய ஊர்களில் புதிய தெருக்களும் மனைப் பிரிவுகளும் தோன்றத் தோன்ற, விளக்கு, குடிநீர், கழிவுநீர்க் கால்வாய் ஆகியவற்றைப் பற்றிய கோரிக்கைகளும் பெருகுகின்றன. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு நான்கு முறை கூடிவந்த கிராம சபை, 2022-ஆம் ஆண்டு முதல் ஆறு முறை கூடுமாறு அமைக்கப்பட்டது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களுடன் மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் சேர்ந்தன.

நவம்பர் முதல் நாள் கூட்டத்திற்காக ஓர் அங்கத்தினர் தம் வார்டிலுள்ள எரியாத விளக்குகள், அடைபட்ட கால்வாய்கள் ஆகியவற்றின் பட்டியலைத் தயாரிக்க முனைகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் சொந்தக் கணிப்பொறி இல்லை. உறவினர் மகளின் மடிக்கணினியில் தொடங்குகிறார். அடுத்த நாள் நண்பர் ஒருவரின் கணிப்பொறியில் தொடர முயல்கிறார். அங்கு அட்டவணை எழுதும் மென்பொருள் இல்லை. புதிதாக நிறுவ முற்பட்டால் கடவுச்சொல் கேட்கிறது. மூன்றாம் நாள் நகல் எடுக்கும் கடையில் கோப்பைத் திறந்தால், எழுத்துக்கள் அனைத்தும் பொருளற்ற குறிகளாகத் தோன்றுகின்றன. மூன்று மாலைகளின் உழைப்பு வீணாகி, மக்கள் முன்னே வெறுங்கையுடன் நிற்க நேரிடுகிறது. அடைபட்ட கால்வாய் அடுத்த கூட்டம் வரை அடைபட்டே கிடக்கும்.

இதன் இயல்பு

ஒரு மென்பொருளை வழக்கமான முறையில் கணிப்பொறியில் நிறுவும்போது, அதன் பகுதிகள் பல இடங்களில் பரவிப் பதிகின்றன. ஆதலின் அக்கணிப்பொறியின் உரிமையாளர் அனுமதி அதற்கு வேண்டியதாகிறது. உடன்கொண்டு செல்லும் மென்பொருளோ அவ்வாறன்று. அது தன் பகுதிகளையும் அமைப்புக்களையும் ஒரே கோப்புறைக்குள் அடக்கிக்கொள்கிறது. அக்கோப்புறையைப் பென் டிரைவில் வைத்துவிட்டால், எந்தக் கணிப்பொறியில் செருகினாலும் அங்கிருந்தே இயக்கலாம். பணி முடிந்து எடுத்துவிட்டால் மென்பொருளும் கோப்பும் நம்முடனேயே வந்துவிடும்.

பென் டிரைவுகள் 2000-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தன. 2004-ஆம் ஆண்டில் ஜான் ஹாலர் என்னும் அமெரிக்கர், ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைப் பென் டிரைவிலிருந்து இயங்குமாறு அமைத்து வெளியிட்டார். அம்முயற்சி வளர்ந்து ‘போர்ட்டபிள்ஆப்ஸ்’ என்னும் இலவசத் தொகுப்பாயிற்று.

வேண்டுவன

16 ஜி.பி. கொள்ளளவுள்ள பென் டிரைவ் ஒன்று போதுமானது. வேகம் மிகுந்த யு.எஸ்.பி. 3.0 வகையாயின் மென்பொருள் தாமதமின்றித் திறக்கும்.

லிப்ரேஆபீஸ்: கடிதம், தீர்மானம், வரவு செலவு அட்டவணை ஆகியவற்றை எழுத உதவும். அனைத்து மொழிகளும் அடங்கிய பதிப்பைத் தேர்ந்தெடுத்தால் தமிழிலேயே பட்டியல்களைக் காணலாம்.

ஃபயர்ஃபாக்ஸ்: அரசாங்க இணையத் தளங்களைப் பார்வையிட உதவும்.

சுமத்ரா பி.டி.எஃப்.: அரசாணைகளையும் படிவங்களையும் படிப்பதற்கு ஏற்றது, மிகச் சிறியது.

செவன்-சிப்: கோப்புக்களைச் சுருக்கவும், கடவுச்சொல்லிட்டுப் பூட்டவும் பயன்படும்.

இவை நான்கும் விலையின்றிக் கிடைப்பன.

செய்முறை

முதலாவதாக, மென்பொருளை அதனை வெளியிடுவோரின் தளத்திலிருந்தே பெறுதல் வேண்டும். பிறர் தரும் நகல் நோயுற்ற விதையைப் போன்றது. முளைத்த பின்னரே கேடு தெரியும்.

இரண்டாவதாக, பென் டிரைவில் மென்பொருளுக்கு ஒன்றும் ஆவணங்களுக்கு ஒன்றுமாக இரு கோப்புறைகளை அமைக்கவேண்டும். ஆவணங்களை ஆண்டு, மாதம் வாரியாகப் பெயரிட்டு வைத்தல் நலம்.

மூன்றாவதாக, தமிழை யூனிகோடு முறையிலேயே எழுதவேண்டும். முற்கால எழுத்துருக்களில் அமைந்த கோப்புக்கள், அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் படிக்க இயலாதவையாகிவிடும். மேற்கூறிய அங்கத்தினருக்கு நேர்ந்த துன்பம் இதுவே. விண்டோஸின் மொழி அமைப்பிலேயே தமிழ் விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளலாம்.

நான்காவதாக, பணி முடிந்ததும் பென் டிரைவைத் திடீரெனப் பிடுங்குதல் ஆகாது. எழுதியவற்றின் ஒரு பகுதி இன்னும் பதிவாகாமல் இருக்கக்கூடும். பாதுகாப்பாக நீக்கும் கட்டளையைக் கொடுத்து, அனுமதி கிடைத்த பின்னரே எடுக்கவேண்டும்.

விவசாயிகளும் இம்முறையால் பயனடையலாம். விதை, உரம், உழவு, ஆட்கூலி, விளைச்சல், விற்ற விலை ஆகியவற்றைப் பருவந்தோறும் ஓர் அட்டவணையில் எழுதிவந்தால், எப்பயிரில் உண்மையில் இலாபம் கிடைத்தது என்பது இரண்டு மூன்று ஆண்டுகளில் தெளிவாகும்.

எச்சரிக்கைகள்

இம்மென்பொருள்கள் விண்டோஸ் கணிப்பொறிகளுக்கென அமைந்தவை. 2011 செப்டம்பர் 15 அன்று இதே திருவள்ளூர் மாவட்டத்தின் காக்களூரில் தொடங்கப்பெற்ற இலவச மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்தே வழங்கப்பட்டது. அத்தகைய மடிக்கணினியில் விண்டோஸைத் தேர்ந்து நுழைந்த பின்னரே இவை இயங்கும்.

பல கணிப்பொறிகளில் நுழையும் பென் டிரைவ், பல வீட்டுத் தண்ணீரைப் பருகும் வழிப்போக்கரைப் போன்றது. எங்கேனும் நோய் பற்றிக்கொள்ளும். 2010-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் நச்சுநிரல், ஈரானின் அணு நிலையத்தையே பென் டிரைவ் வழியே தாக்கியது. ஆகவே நம்பத்தகுந்த கணிப்பொறியில் அவ்வப்போது நச்சுநிரல் சோதனை செய்வித்தல் அவசியமாகும். அரசாங்க அலுவலகக் கணிப்பொறியில், பொறுப்பாளரின் அனுமதியின்றிப் பென் டிரைவைச் செருகுதல் கூடாது.

பிறருடைய கணிப்பொறியில் வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்தல் அபாயகரமானது. மென்பொருள் நம்முடையதாயினும், விசைப்பலகை நம்முடையதன்று. ஆதார் எண்களும் வங்கிக் கணக்கு எண்களும் அடங்கிய பயனாளிகள் பட்டியலைப் பூட்டாமல் சுமந்து திரிதலும் தவறு.

மின்னணுக் கையொப்ப டோக்கனையும் பென் டிரைவையும் ஒன்றெனக் கருதிவிடலாகாது. உருவத்தில் இரண்டும் ஒத்தவை, தன்மையில் வேறானவை. 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கப்பட்ட ஈ-கிராம்ஸ்வராஜ் தளத்தில் பஞ்சாயத்துப் பணம் கையொப்ப டோக்கனைக் கொண்டே வழங்கப்படுகிறது. வசதி கருதி டோக்கனையும் இரகசிய எண்ணையும் பிறரிடம் ஒப்படைப்பவர், எழுதப்படாத காசோலையில் கையெழுத்திட்டுக் கொடுப்பவரே ஆவார்.

இறுதியாக, பென் டிரைவ் விதைக்கூடையேயன்றிக் களஞ்சியமன்று. அது தொலையக்கூடியது; பழுதடையக்கூடியது. ஒவ்வொரு ஆவணத்திற்கும் வேறோர் இடத்தில் ஒரு நகலும், முக்கியமானவற்றிற்குக் காகித நகலும் இருத்தல் வேண்டும்.

அடுத்தவருக்கும் உதவுக

திருவள்ளூர் உட்பட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிப் பிரதிநிதிகளின் ஐந்தாண்டுக் காலம் 2025 ஜனவரியில் முடிவுற்றது. பதவிக்காலம் முடிவதும் புதியவர் வருவதும் ஜனநாயகத்தின் இயல்பு. ஆனால் எத்தெருவில் எக்குழாய் எப்போது பழுதாயிற்று, எம்மனு எவரிடம் நிலுவையிலுள்ளது என்னும் அறிவு, விலகுபவரின் நினைவோடு மறைந்துவிடுமாயின், புதியவர் முதலிலிருந்தே தொடங்க வேண்டியவராவார். அந்த நட்டம் ஊரையே சாரும். முறையாக எழுதப்பட்டு, எக்கணிப்பொறியிலும் திறக்கக்கூடிய கோப்புக்களை விட்டுச் செல்பவர், பதவியை விட்ட பின்னும் ஊருக்குத் தொண்டு செய்பவராவார்.

ஆகவே அங்கத்தினர்கள் ஒவ்வொருவரும் அடுத்த கிராம சபைக்கு முன்னர் தம் வார்டின் பட்டியல் ஒன்றையேனும் இம்முறையில் தயாரித்துப் பார்ப்பார்களாக. கணிப்பொறி எவருடையதாயினும் ஆகுக. கணக்கு நம்முடையதாக இருக்கட்டும்.