ஓட்டு எண்ணியாச்சு, முடிவு எங்கே?

கேள்வி: எங்கள் தொகுதியின் 2016 தேர்தல் வழக்கு முடியுமுன்னே ஐந்து வருஷமும் ஓடிவிட்டது. இனி கோர்ட்டுக்குப் போய் என்ன பயன்? (வாசகர், ராதாபுரம்)

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. 49 ஓட்டில் தோற்ற வேட்பாளர் அப்பாவு, தலைமையாசிரியர்களின் சான்றொப்பம் செல்லாது என்று 203 தபால் ஓட்டுகள் தள்ளப்பட்டதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனார். அந்தச் சான்றொப்பம் செல்லும் என்ற உயர் நீதிமன்றம், 2019 அக்டோபரில் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது. எண்ணியும் முடித்தார்கள், முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை போட்டுவிட்டது. தேர்தல் மனுவை ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். இந்த இழுத்தடிப்பு வாக்காளருக்குச் செய்த அநீதிதான். அதற்காக ஒதுங்கிவிடாதீர்கள். தொகுதி வாக்காளர் எவரும் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போடலாம். கெடு 45 நாள். முடிவு வந்த வாரமே வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.