கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் எங்கே?

வேத பாடம்: லூக்கா 16:19-31, பிலிப்பியர் 1:21-24, 1 தெசலோனிக்கேயர் 4:13-18

2017-ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் ஒக்கி புயல் தென் கேரளக் கடலையும் குமரிக் கடலையும் தாக்கியது. ஆழ்கடலில் மீன்பிடித்துக்கொண்டிருந்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கரை திரும்பவில்லை. திருவனந்தபுரத்தின் பூந்துறையிலும் விழிஞ்ஞத்திலும், எல்லைக்கு இப்பால் குமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலான ஊர்களிலும் வீடுதோறும் அழுகுரல் கேட்டது. 1544-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் சவேரியார் நடந்து திரிந்து ஞானஸ்நானம் கொடுத்த திருவிதாங்கூர்க் கடற்கரை அது. மாண்டவர்களில் மிகப் பலர் தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்துவை அறிக்கையிட்டு வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்.

சில சரீரங்கள் பல நாட்கள் கழித்துக் கிடைத்தன. முகம் அடையாளம் தெரியாத நிலையில் மரபணுச் சோதனையே அவற்றுக்குப் பெயர் தந்தது. வேறு அநேகருடைய சரீரங்கள் கிடைக்கவேயில்லை. காணாமற்போன ஒருவர் மரித்துவிட்டார் என்று கொள்வதற்கு, அன்று நடைமுறையில் இருந்த 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் ஏழு ஆண்டுகளைக் குறித்திருந்தது. அந்தக் குடும்பங்களை அத்தனை காலம் காத்திருக்க வைக்காமல், காணாமற்போனவர்களை மரித்தவர்களாகவே கருதி உதவி வழங்க அரசு முன்வந்தது.

சட்டம் ஒருவரை மரித்தவர் என்று அறிவிக்கலாம். அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று சொல்ல அதற்கு அதிகாரமில்லை. கல்லறையும் இல்லை, சிலுவை நட ஒரு பிடி மண்ணும் இல்லை என்ற நிலையில் ஒரு தாய் கேட்கும் கேள்விக்கு வேதம் என்ன பதில் தருகிறது என்பதே இந்தப் பாடத்தின் பொருள்.

1. ஒரே நகரம், பல வழக்கங்கள்

திருவனந்தபுரம் பல சபைப் பிரிவுகள் அருகருகே வாழும் நகரம். இலத்தீன் ரீதிக் கத்தோலிக்கர் நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைத் திருநாளில் மெழுகுதிரி ஏற்றி, உத்தரிக்கிற ஸ்தலத்திலுள்ள ஆத்துமாக்களுக்காக மன்றாடுகிறார்கள். பட்டத்திலுள்ள மலங்கரை கத்தோலிக்கப் பேராலயத்தில், 1953-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் தேதி மரித்த பேராயர் மார் இவானியோஸின் கல்லறைக்கு ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் திரளான ஜனங்கள் நடைப்பயணமாக வருகிறார்கள். மார்த்தோமா சபையாரோ, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆபிரகாம் மல்பான் செய்த சீர்திருத்தத்தைப் பின்பற்றி, மரித்தோருக்கான விண்ணப்பங்களைத் தங்கள் ஆராதனை முறையிலிருந்து நீக்கியவர்கள். லண்டன் மிஷன் வழிவந்த தென்னிந்தியத் திருச்சபையார் மரித்தவருடைய வாழ்வுக்காக நன்றி செலுத்தி, உயிரோடிருப்பவர்களுக்காக ஜெபிக்கிறார்கள். கவடியாரில் தலைமையகத்தைக் கொண்ட இரட்சணிய சேனையார் தங்கள் சகோதரர் ஒருவர் மரித்தால், அவர் மகிமைக்கு உயர்த்தப்பட்டார் என்றே அறிவிக்கிறார்கள்.

இந்த வேறுபாடுகள் சிறியவை அல்ல. மரித்தோருக்காக ஜெபிப்பதற்குக் கத்தோலிக்கர் காட்டும் 2 மக்கபே 12-ஆம் அதிகாரத்தைப் புராட்டஸ்தாந்து சபைகள் வேதாகமத்தின் பகுதியாக ஏற்பதில்லை. எனினும் இவர்கள் எல்லாரும் மரித்தோர் உயிர்த்தெழுவார்கள் என்று அறிக்கையிடுகிறார்கள். அந்த அறிக்கையின் வேரை வேதத்தில் தேடுவது அனைவருக்கும் பயனுள்ளது.

2. பழைய ஏற்பாட்டின் மங்கலான வெளிச்சம்

மரித்தவர் செல்லும் இடத்தை எபிரெய வேதம் 'ஷேயோல்' என்று அழைக்கிறது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் அதற்கு ஈடான சொல் 'ஹேடீஸ்'. தமிழ் வேதாகமத்தில் இவை பெரும்பாலும் 'பாதாளம்' என்று வருகின்றன. இது 'நரகம்' என்ற சொல்லுக்குச் சமமானதன்று. நரகத்தைக் குறிக்க இயேசு பயன்படுத்திய 'கெஹென்னா' என்ற சொல், எருசலேமுக்குத் தெற்கேயுள்ள இன்னோம் பள்ளத்தாக்கின் பெயரிலிருந்து வந்தது. இந்த இரண்டையும் ஒன்றாகக் கலப்பதால்தான், நீதிமானாகிய யாக்கோபு தான் பாதாளத்துக்கு இறங்குவதாகச் சொன்னதை வாசிக்கும் சிலர் திகைக்கிறார்கள் (ஆதியாகமம் 37:35).

அந்த யாக்கோபின் நிலை கவனிக்கத்தக்கது. மகனுடைய சரீரத்தை அவன் காணவில்லை. இரத்தம் தோய்ந்த அங்கி ஒன்றே அவன் கைக்கு வந்தது. ஆறுதல் சொல்ல வந்த பிள்ளைகளிடமிருந்து அவன் ஆறுதலை ஏற்கவில்லை. சரீரம் கிடைக்காத துக்கம் மற்றத் துக்கங்களிலும் கொடியது என்பதை வேதம் தன் முதல் புத்தகத்திலேயே பதிவு செய்திருக்கிறது.

ஆயினும் இருளுக்குள் ஒளிக்கீற்றுகள் உண்டு. பாதாளத்தில் படுத்தாலும் சமுத்திரத்தின் கடைசி எல்லையில் தங்கினாலும் தேவனுடைய கரம் தன்னைப் பிடிக்கும் என்று சங்கீதக்காரன் அறிந்திருந்தான் (சங்கீதம் 139:8-10). தூளில் உறங்குகிறவர்கள் விழித்தெழுவார்கள் என்று தானியேலுக்கு அறிவிக்கப்பட்டது (தானியேல் 12:2).

3. அடக்கம்பண்ணப்படாத லாசரு

இயேசு சொன்ன ஐசுவரியவான், லாசரு வரலாற்றில் பலர் கவனிக்காத ஒரு வேறுபாடு இருக்கிறது. ஐசுவரியவான் மரித்தபோது அவன் அடக்கம்பண்ணப்பட்டான் என்று சொல்லப்படுகிறது. லாசருவின் அடக்கத்தைப்பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. வாசலில் கிடந்த அந்த ஏழைக்கு யார் குழி தோண்டினார்கள், அவனுக்குக் கல்லறை இருந்ததா என்பதை இயேசு கூறவில்லை. தேவதூதர்கள் அவனை ஆபிரகாமின் மடிக்குச் சுமந்து சென்றார்கள் என்பதை மட்டும் கூறினார் (லூக்கா 16:22).

அகால மரணமடைந்தவனுடைய ஆவி அலையும், முறையான அடக்கம் நடக்காதவனுக்கு இளைப்பாறுதல் இல்லை என்ற பயம் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் இன்றுவரை ஒளிந்திருக்கிறது. லாசருவின் வரலாறு அந்தப் பயத்தின் வேரை அறுக்கிறது. விலையுயர்ந்த கல்லறை ஐசுவரியவானுக்கு உதவவில்லை. கல்லறை குறிப்பிடப்படாதது லாசருவுக்குத் தடையாகவுமில்லை. விசுவாசியைத் தேவனிடம் சேர்ப்பது சடங்கு அன்று.

புயலில் மாண்டவர்கள் ஏதோ பாவத்தின் பலனை அனுபவித்தார்கள் என்று பேசுகிறவர்களுக்கும் இயேசு முன்னமே பதிலளித்திருக்கிறார். சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட 18 பேர் எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிட அதிகக் குற்றவாளிகளா என்று கேட்டு, அல்ல என்று அவரே மறுத்தார். பின்பு, மாண்டவர்களைப்பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தவர்களைத் தங்கள் மனந்திரும்புதலைப்பற்றிச் சிந்திக்கச் சொன்னார் (லூக்கா 13:4,5).

4. மரணத்திற்கும் உயிர்த்தெழுதலுக்கும் இடையே

சிலுவையில் மனந்திரும்பிய கள்வனுக்கு நல்ல அடக்கமோ, ஞானஸ்நானமோ, நற்கிரியை செய்ய அவகாசமோ கிடைக்கவில்லை. அவனுக்கு அன்றைய தினமே தம்மோடு பரதீசில் இடமுண்டு என்று கர்த்தர் வாக்களித்தார் (லூக்கா 23:43). 'பரதீசு' என்பது பழைய பாரசீக மொழியிலிருந்து கிரேக்கத்துக்குச் சென்ற சொல். மதில் சூழ்ந்த தோட்டம் என்பது அதன் பொருள். எபிரெய வேதத்தைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் ஏதேன் தோட்டத்துக்கு இந்தச் சொல்லையே பயன்படுத்தினார்கள். ஆனால் அந்த வாக்கின் எடை தோட்டத்தில் இல்லை. தம்மோடு இருப்பாய் என்று கர்த்தர் சொன்னதில் இருக்கிறது.

அப்போஸ்தலனாகிய பவுலும் இடத்தை வர்ணிப்பதில்லை. தேகத்தை விட்டுப் பிரிந்து கிறிஸ்துவோடு இருப்பது மிகவும் மேலானது என்கிறான் (பிலிப்பியர் 1:23). 'பிரிந்து போதல்' என்று அங்கே வரும் கிரேக்கச் சொல், கரையில் கட்டிய கப்பலை அவிழ்த்துவிடுவதற்கும் வழங்கிய சொல்லாகும். இதை எழுதியவன் கரையில் நின்று கடலைப் பார்த்தவன் அல்லன். மூன்றுதரம் கப்பற்சேதத்தில் சிக்கி, ஒரு இராப்பகல் முழுவதும் ஆழத்தில் தத்தளித்தவன் (2 கொரிந்தியர் 11:25). உயரமானாலும் ஆழமானாலும் தேவனுடைய அன்பை விட்டுத் தங்களைப் பிரிக்கமாட்டாது என்று அவன் எழுதியபோது (ரோமர் 8:39), ஆழம் என்பது இன்னதென்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

அப்படியானால் மரித்தவர்கள் நித்திரையடைந்தார்கள் என்று வேதம் கூறுவது ஏன்? ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு சபையார் இந்தச் சொல்லையும் பிரசங்கி 9:5-ஐயும் ஆதாரமாகக் கொண்டு, உயிர்த்தெழுதல் வரை மரித்தோருக்கு உணர்வில்லை என்று போதிக்கிறார்கள். ஆனால் கள்வனுக்குக் கிடைத்த வாக்கும், பவுலின் வாஞ்சையும், பலிபீடத்தின்கீழ் இருந்து குரலெழுப்பும் இரத்தசாட்சிகளின் தரிசனமும் (வெளிப்படுத்தின விசேஷம் 6:9,10) வேறொன்றைக் காட்டுகின்றன. சரீரம் உறங்குகிறது, விசுவாசியோ கர்த்தரிடத்தில் குடியிருக்கிறான் (2 கொரிந்தியர் 5:8) என்பதே பெரும்பான்மையான சபைகள் கண்ட பொருள். உறக்கம் என்ற சொல் விழிப்பு உண்டு என்பதற்கான அடையாளம். கேரளத்தார் 'செமித்தேரி' என்று வழங்கும் சொல்லும், உறங்குமிடம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்ததே.

5. பரலோகம் பயணத்தின் முடிவா?

அடக்க ஆராதனைகளில், மரித்தவர் பரலோகம் சேர்ந்துவிட்டார், இனி எல்லாம் முடிந்தது என்ற தொனியில் பலர் பேசுகிறார்கள். வேதம் அங்கே நிற்கவில்லை. கர்த்தரிடத்தில் இளைப்பாறுவது முதல் நிலை. கர்த்தர் திரும்ப வரும்போது கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் எழுந்திருப்பது இரண்டாம் நிலை (1 தெசலோனிக்கேயர் 4:16). தேவன் மனுஷரிடத்தில் வாசமாயிருந்து கண்ணீரைத் துடைக்கும் புதிய வானமும் புதிய பூமியுமே நிறைவு (வெளிப்படுத்தின விசேஷம் 21:1-4).

இந்த இரண்டாம் நிலையை விட்டுவிட்டால் சரீரத்துக்கு மதிப்பில்லாமற் போகும். வலை இழுத்துக் காய்ப்பேறிய கைகளும், உப்புக்காற்றில் கறுத்த முகமும் தேவனுக்கு வேண்டாதவை என்றாகிவிடும். உயிர்த்தெழுந்த இயேசு அப்படிக் காட்டவில்லை. சீஷர்களுக்கு முன்பாக மீன்கண்டத்தை வாங்கிப் புசித்தார் (லூக்கா 24:42,43). திபேரியாக் கடற்கரையில், இரவெல்லாம் வலைவீசி ஒன்றும் அகப்படாமல் திரும்பியவர்களுக்குக் கரிநெருப்பின்மேல் மீன் வைத்துக் காத்திருந்தார் (யோவான் 21:9). அவர் கைகளில் காயங்களின் அடையாளம் இருந்தது. அவர் அவரே என்று சீஷர்கள் அறிந்துகொண்டார்கள். விசுவாசிக்கு வாக்களிக்கப்பட்டிருப்பதும் இத்தகைய சரீரமே. விதைக்கப்படும் மணி வேறு, முளைக்கும் பயிர் வேறு. ஆயினும் அந்த மணியிலிருந்தே இந்தப் பயிர் வருகிறது (1 கொரிந்தியர் 15:37,38).

சரீரம் கிடைக்காதவர்களுக்கு என்ன? யோவான் கண்ட தரிசனத்தில் நியாயத்தீர்ப்பு நாளின் காட்சி வருகிறது. மரணமும் பாதாளமும் தங்களிலுள்ளவர்களை ஒப்புவிப்பதற்கு முன்பே, சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவிக்கிறது (வெளிப்படுத்தின விசேஷம் 20:13). மீட்புப் படகுகளும் விமானங்களும் தேடிக் காணாதவர்களைக் கடல் அன்று மறைக்க முடியாது. எந்த ஆழமும் தேவனுடைய கணக்கிலிருந்து ஒருவரையும் நீக்கிவிடுவதில்லை. அதற்குப் பின்பு யோவான் காணும் புதிய உலகில் சமுத்திரமே இல்லை. கடலால் பிழைக்கும் மக்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். வேதத்தின் அடையாள மொழியில் கடல் என்பது அலைக்கழிப்பையும் பிரிவையும் குறிப்பது. பிரித்து வைக்கும் அந்த வல்லமைக்கு இனி இடமில்லை என்பதே அதன் கருத்து.

6. நம்பிக்கையும் கண்ணீரும்

இந்த நம்பிக்கை கண்ணீரைத் தடைசெய்வதில்லை. தெசலோனிக்கேயருக்கு எழுதிய பவுல், நம்பிக்கையற்றவர்கள் துக்கிப்பதுபோலத் துக்கிக்க வேண்டாம் என்றான். துக்கிக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. சில நிமிடங்களில் லாசருவை எழுப்பப்போவதை அறிந்திருந்தும் இயேசு கண்ணீர் விட்டார் (யோவான் 11:35). பரிசுத்த ஆவியால் நிறைந்து, திறந்த வானத்தைக் கண்டு மரித்த ஸ்தேவானுக்காகவும் பக்தியுள்ளவர்கள் மிகவும் துக்கங்கொண்டாடினார்கள் (அப்போஸ்தலர் 8:2).

அது கடமையையும் குறைப்பதில்லை. விதவைகளையும் திக்கற்ற பிள்ளைகளையும் அவர்கள் உபத்திரவத்தில் விசாரிப்பதே மாசில்லாத பக்தி (யாக்கோபு 1:27). மாண்டவன் கர்த்தரிடத்தில் இருக்கிறான் என்று சொல்லி ஆறுதல்படுத்தும் சபை, அவன் வாங்கிய படகுக்கடனையும் அவன் பிள்ளைகளின் பள்ளிக்கட்டணத்தையும் மறந்துபோனால், அந்த ஆறுதல் வெறும் சொல்லாகும். கடலுக்குப் போகிறவர்களுக்குப் புயல் எச்சரிக்கை காலத்தில் சென்று சேரவேண்டும் என்று குரல்கொடுப்பதும் அதே பக்தியின் பகுதி. சரீரத்தை எழுப்பப்போகிற தேவன் சரீரத்தின் பாதுகாப்பை அற்பமாக எண்ணுவதில்லை.

மரித்த ஒவ்வொருவருடைய கணக்கையும் தீர்க்கும் அதிகாரம் எந்தச் சபைக்கும் கொடுக்கப்படவில்லை, நியாயாதிபதி ஒருவரே. உயிரோடிருப்பவர்களுக்கோ வழி தெளிவாகக் காட்டப்பட்டிருக்கிறது. குமாரனுடைய வசனத்தைக் கேட்டு, அவரை அனுப்பினவரை விசுவாசிக்கிறவன் மரணத்தைக் கடந்து ஜீவனுக்குள் ஏற்கனவே வந்துவிட்டான் (யோவான் 5:24). இங்கே கிறிஸ்துவோடு வாழத் தொடங்கியவன் அங்கே அந்நியனாகப் போய்ச் சேர்வதில்லை.

தியானத்திற்கு:

1. லாசருவின் அடக்கத்தைப்பற்றி இயேசு ஒன்றும் சொல்லாதது, கல்லறையில்லாமல் மரித்தவர்களின் குடும்பங்களுக்கு எத்தகைய ஆறுதலைத் தருகிறது?

2. கர்த்தரிடத்தில் இளைப்பாறுதல், சரீரத்தின் உயிர்த்தெழுதல் என்னும் இரண்டில் எதைப்பற்றி உங்கள் சபையின் அடக்க ஆராதனைகளில் குறைவாகப் பேசப்படுகிறது?

3. உங்கள் ஊரில் எதிர்பாராத மரணத்தால் குடும்பத்தலைவரை இழந்த வீட்டில், இந்த மாதத்தில் சபை செய்யக்கூடிய ஒரு காரியம் எது?